ஆரின்ரையோ சாமியும் உன்ர தாலாட்டும்

மகன்,

காலமை பத்தேகாலுக்கு அந்தச் சந்தோசமான செய்தி வந்தது. நீர்ப்பாசனக் கந்தோர் மணிக்கூடு எனக்கு நேர தொங்குறபடியாத்தான் நேரம் தெரியும். மற்றும்படி அந்த நாளையில எனக்கு வெள்ளியும் தெரியாது, செவ்வாயும் தெரியாது. டெலிபோன் அடிச்சது, எடுத்தன். கொழும்பிலயிருந்து பொன்ராசா. என்னோட டெக்னிக்கல் கொலிச்சில ஒரு வாங்கில இருந்து படிச்சவன், இப்ப கடற்கரையோரம் ஒரு புது ஹோட்டலில லைட்டும் மைக்கும் பாக்கிறான். "மச்சான், உன்ர மனுசி பெரிய ஆளாப்போட்டாடா!" எண்டு கத்தினான். "சனிக்கிழமை பின்னேரம் எங்கட பாரில அவவின்ர பாட்டுத்தான். வெள்ளைக்காரர் எழும்பி நிண்டு கைதட்டப்போறாங்கள். அவவையும் கூட்டிக்கொண்டு வா, சாப்பாடு என்ர பொறுப்பு." நான் "ஓம்" எண்டன். உன்ர அம்மா செத்தது அவனுக்குத் தெரியாது. ரிசீவரை வைச்சிட்டு, மதகுக் கதவுக்குக் கிறீஸ் வேணுமெண்டு எழுதிக்கொண்டிருந்த கடதாசியைத் திருப்பி எடுத்து, மிச்சத்தை எழுதி முடிச்சன். அப்பிடித்தான் இருந்தனான் அப்ப. மரக்கட்டை மாதிரி.

நீ இப்ப பெரியம்மான்ர மடியில கிடக்கிறாய். பால்போத்திலைக் கண்டாச் சிரிக்கத் தெரியும், அவ்வளவுதான் உன்ர படிப்பு. ஆனா நான் உன்னோட பெரிய ஆளோட கதைக்கிற மாதிரித்தான் கதைக்கப்போறன். நீ இதை வாசிக்கேக்க எண்பத்தஞ்சு எண்பத்தாறாம் ஆண்டாயிருக்கும். உனக்கு எங்கயாவது கலியாணம் பேசிக்கொண்டிருப்பினம், அல்லது நீ எங்கயாவது வெளிநாட்டுக்குக் கப்பலேற நிப்பாய். நான் இதை உறையில போட்டு ஒட்டப்போறதில்லை. பெரியம்மா வாசிக்கட்டும், பொன்ராசா வந்தா அவனும் வாசிக்கட்டும், உனக்கு வாறவளும் வாசிக்கட்டும். ஒளிக்கிறதுக்கு இதில ஒண்டும் இல்லை. கோவம்தான் இருக்கு.

அந்த ஹோட்டலுக்கு நான் முதல் போனது உன்ர அம்மாவைக் கட்டின வருசம். மதகுச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போன இடத்தில, "வாடா, ஒரு புதினம் காட்டுறன்" எண்டு பொன்ராசா இழுத்துக்கொண்டு போனான். "தென்கடல் தீவு" எண்டு அந்தப் பாருக்குப் பேர். உள்ளுக்குப் போனா, கூரைக்குத் தென்னோலைக் கிடுகு! இஞ்ச மழைக்கு ஒழுகுதெண்டு சனம் ஓடு போட ஏலாமல் அழுகிற அதே கிடுகு, அங்க சிமெந்துத் தட்டுக்குக் கீழ அலங்காரத்துக்குத் தொங்குது. சுவரெல்லாம் மரத்தில செதுக்கின பெரிய பெரிய முகங்கள், கண்ணைப் பிதுக்கிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு. குடிக்கிற கோப்பையும் அதே முகம்தான். மண்டையைத் திறந்து உள்ளுக்கு ஊத்தித் தருவினம். "இதென்னடா பேய்?" எண்டன். "பேயில்லையடா, பசிபிக் தீவுச் சாமியள். உலகச் சண்டைக்குப் போன அமெரிக்கச் சிப்பாயள் அங்கத்தைச் சாமானில ஆசைப்பட்டு, இப்ப அமெரிக்காவில தெருவுக்குத் தெரு இப்பிடிப் பார்தான். எங்கட மனேச்சரும் படம் பாத்துச் செய்விச்சிட்டார்." நான் சிரிச்சன். அன்னாசிச் சாறு கலந்த சாராயத்தை அந்தச் சாமியின்ர மண்டையிலயிருந்து உறிஞ்சினன். நல்லாத்தான் இருந்தது. போகேக்க அவன் ஒரு கோப்பையைப் பேப்பரில சுத்தித் தந்தான், "மனுசிக்குக் குடு" எண்டு.

உன்ர அம்மா அதைப் பிரிச்சுப் பாத்தா. சிரிப்பா எண்டு நினைச்சன். "இஞ்சருங்கோ, இவர் ஆர்?" எண்டு கேட்டா. "கோப்பையப்பா." "கோப்பைக்குக் கண் எதுக்கு? நாக்கு எதுக்கு? இது ஆரின்ரையோ சாமி. ஆரின்ரையோ சாமியை ஏன் தூக்கிக்கொண்டு வந்தனியள்?" எண்டா. நான் விளங்கப்படுத்தினன், இது இப்ப ஃபாஷன், ஹோட்டலில எல்லாரும் இதிலதான் குடிக்கினம் எண்டு. "குடிக்கிறவை குடிக்கட்டும். வீட்டுக்கு வந்திட்டார், என்ன செய்யிறது" எண்டு சொல்லிக் குசினித் தட்டில வைச்சு, முத்தத்தில நிண்ட செவ்வரத்தம்பூவில ஒண்டைப் பிடுங்கி முன்னுக்கு வைச்சா. பேந்து திரும்பிப் பாத்திட்டுச் சொன்னா, "முழி உங்கட பெரிய இஞ்சினியர் ஐயாவின்ர முழிதான்." அண்டைக்கு நாங்கள் ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு! எனக்கு அவா சாமியைப் பகிடி பண்ணுறாவோ கும்பிடுறாவோ எண்டு விளங்கேல்ல. இப்ப விளங்குது. ரெண்டும் செய்யலாம். சாமியோட பகிடி விடலாம், சாமியைக் கோப்பையாக்கக் கூடாது.

அவா வற்றாப்பளை அம்மன் கோயில் பக்கத்துப் பிள்ளை, உனக்குத் தெரியும். நான் யாழ்ப்பாணத்தான், உத்தியோகத்துக்கு வந்து இஞ்ச வேர் விட்டவன். வைகாசிப் பொங்கலுக்கு முதல் கடல்தண்ணி மொண்டுவந்து, எண்ணெய் விடாமல் அந்த உப்புத்தண்ணியில அம்மனுக்கு விளக்கெரிக்கிறதெண்டு அவா முதல் சொல்லேக்க எனக்குள்ள இருந்த டெக்னிக்கல்காரன் எழும்பினான். "அதெப்பிடித் தண்ணி எரியும்?" எண்டு கேட்டன். "எரியுது." "அதுதான் எப்பிடியெண்டு கேக்கிறன்." "இஞ்சருங்கோ, நம்பினாக் கும்பிடுங்கோ. நம்பாட்டித் தள்ளி நில்லுங்கோ, பின்னால நிக்கிறவை கும்பிடட்டும்." அந்த வருசம் நான் தள்ளித்தான் நிண்டனான். மகன், உனக்கு நான் தரக்கூடிய புத்தி எல்லாத்தையும் பிழிஞ்சா இந்த ஒரு சொல்லுத்தான் மிஞ்சும், அதுவும் என்ரதில்லை, அவான்ர. நம்பச் சொல்லி உன்னை ஒருத்தரும் கட்டாயப்படுத்தேலாது. தள்ளி நிக்கத் தெரியவேணும்.

அதுக்குப் பிறகுதான் ஹெமி வந்தவர். கொழும்புத் திட்டம் எண்ட வெளிநாட்டு உதவியில நியூசிலாந்திலயிருந்து எங்கட பெடியளுக்கு புல்டோசர் பழக்க அனுப்பினவை. வெள்ளைக்காரன் வாறான் எண்டு பாத்தா எங்களைப்போல மாநிறம், மலைபோல ஆள். "நான் மாவோரி, அந்த நாட்டின்ர பழைய சனம்" எண்டவர். ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டன். குசினி வாசலில நிண்டு அம்மாவோட கைப்பாசை கதைச்சுக்கொண்டிருந்த மனுசன், தட்டில அந்தக் கோப்பையைக் கண்டார். "இதில ஆர் குடிக்கிறது?" எண்டு என்னைக் கேட்டார். நான் தமிழில திருப்பிச் சொன்னன். அம்மாவுக்குக் கோவம் வந்திட்டுது. "ஒருத்தரும் குடிக்கேல்லயெண்டு சொல்லுங்கோ! பூ வைச்சிருக்கிறது தெரியேல்லயோ அவருக்கு?"

ஹெமி கனநேரம் அதைக் கையில எடுக்காமலே குனிஞ்சு பாத்தார். பேந்து சொன்னார்: "இது என்ர ஆக்களில்லை. ஒருத்தரின்ர ஆக்களுமில்லை. கண் ஒரு தீவின்ரை, வாய் இன்னொரு தீவின்ரை, நாக்கு மட்டும் எங்கடை. நாலு இடத்துச் சனத்தை வெட்டி ஒட்டி ஒரு முகம் செய்திருக்கிறான். எங்கட ஊரில மரத்தில ஒரு முகம் செதுக்கினா அது ஆரெண்டு எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பேர் இருக்கு. என்ர பாட்டனுக்குப் பாட்டன் அந்தத் தூணில நிக்கிறார், நான் போனா முதல் அவரிட்டத்தான் போவன்." அதோட இன்னொண்டும் சொன்னார். அவையளுக்குத் தலைதான் உடம்பிலயே புனிதமான இடமாம். சாப்பாட்டுச் சாமானைத் தலைக்குக் கிட்டக் கொண்டு போகவே மாட்டினமாம், தொப்பியைச் சாப்பாட்டு மேசையில வைச்சாலே தாய் கையில அடிச்சுப்போடுவாவாம். "அப்ப இது?" எண்டு கேட்டன். "பெரியாக்களின்ர மண்டையில சாராயம் ஊத்திக் குடிக்கிறது" எண்டார். சத்தம் போடேல்ல. சோத்தைக் குழைச்சுக்கொண்டு சொன்னார்.

நான் அதைத் தமிழில சொல்லி முடிக்க முதலே அம்மா எழும்பிட்டா. கையைக் கழுவிப்போட்டு, கோப்பையை ரெண்டு கையாலும் தூக்கி, குசினியிலயிருந்து கொண்டுபோய் முன் விறாந்தையில புத்தகத் தட்டில வைச்சா. "சாப்பாட்டுக்குக் கிட்ட வைச்சது எங்கட பிழையெண்டு அவருக்குச் சொல்லுங்கோ. எங்களுக்குத் தெரியாது. இப்ப தெரியும்." ஹெமி என்ன செய்தார் தெரியுமே? எழும்பி நிண்டார். அந்த மலை மனுசன் கூரையில தலை முட்ட எழும்பி நிண்டு, பேந்து இருந்தார். இருந்து, "இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய்க் குழம்பு இருக்கோ?" எண்டு கேட்டார். உன்ர அம்மா ஒரே நிமிசத்தில செய்ததைக் கொழும்பில அத்தினை படிச்ச மனேச்சர்மாரால செய்யேலாமல் கிடக்கு. கேட்டா, தெரிஞ்சுகொண்டா, வைச்ச இடத்தை மாத்தினா. இதுக்கு மேல என்ன இருக்கு மகன்?

நீ வயித்தில இருக்கேக்க பொன்ராசா ஒரு டேப் மெசினைத் தூக்கிக்கொண்டு முல்லைத்தீவு பஸ்ஸில வந்து இறங்கினான். மனேச்சருக்குப் பசிபிக் காணாதாம், எங்கட நாட்டுச் சாமானும் கொஞ்சம் கலக்கவேணுமாம். இவன் உப்புத்தண்ணி விளக்கைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அம்மன்ர பாட்டு வேணும் எண்டு வந்து நிக்கிறான். அம்மா சிரிச்சுக்கொண்டே மாட்டன் எண்டா. "அது பொங்கலுக்கு விரதமிருந்து பாடுறது அண்ணை. மற்ற நேரம் நாங்கள் வாயில எடுக்கிறேல்ல." "ரெண்டே ரெண்டு வரி தங்கச்சி. கொழும்பில ஆருக்குத் தெரியப்போகுது?" "அம்மனுக்குத் தெரியுமே." நானும் சேந்து வற்புறுத்தினன். மெசின் புதுசு, சுழல்றதைப் பாக்க ஆசை. அவா என்னைப் பாத்த பார்வை இப்பவும் முதுகில கிடக்கு. ஆனா வந்த ஆளை வெறுங்கையோட அனுப்பிறது அவாவுக்குப் பழக்கமில்லை. "நான் இவனுக்கெண்டு கட்டின பாட்டொண்டு இருக்கு. வேணுமெண்டா அதைப் பிடியுங்கோ" எண்டா.

அதுதான் உன்ர தாலாட்டு. நாயாத்துக் கரையில நண்டெல்லாம் நித்திரையாம், வலையெல்லாம் காஞ்சு நித்திரையாம், நீ மட்டும் ஏனடா முழிச்சிருக்கிறாய் என்ர நெத்தலிக் குஞ்சே எண்டு போகும். அவாவே கட்டினது. பாடி முடிச்சாப் பிறகும் பொன்ராசா மெசினை நிப்பாட்டேல்ல. அவா என்னைப் பாத்து, "காணுமே? உதைக்கிறான். நிப்பாட்டுங்கோ" எண்டா. பாடினது போதுமோ எண்டு கேட்டது, அதுவும் டேப்பில விழுந்திட்டுது.

நீ பிறந்த கிழமைக்குள்ள அவாவுக்குக் காய்ச்சல் வந்தது, நிக்கேல்ல. அவ்வளவுதான் எழுதுவன். உன்னாலதான் போனவா எண்டு ஆராவது உன்ர காதில போட்டா, அவையளை என்னட்டக் கூட்டிக்கொண்டு வா. எரிச்சு முடிச்சு வந்த பிறகுதான் எனக்கு அந்த டேப் ஞாபகம் வந்தது. எங்கட கலியாணப்படம் ஒண்டு இருக்கு. நீ முகத்தைப் பாக்கலாம். ஆனா குரல்? உலகத்தில அந்த ஒரு டேப்பிலதான் உன்ர தாய் கதைக்கிறா. எழுதிக் கேப்பம் கேப்பம் எண்டு பேனையைத் தூக்க மனமில்லாமல் கிடந்தன். அதுக்குள்ளதான் அந்த டெலிபோன்.

சனிக்கிழமை மாங்குளத்தில ரயிலேறிப் போய்ச் சேந்தன். டேப்பை வாங்கிக்கொண்டு வாறது, அதுதான் திட்டம். பொன்ராசாவைக் காண முதலே நிகழ்ச்சி துவங்கிட்டுது. பின் கதிரையில இருந்தன். ஒரு மனுசன் மைக்கில இங்கிலீசில சொல்லுறான், வன்னிக்காட்டுத் தெய்வத்தின்ர ரகசிய மந்திரமாம், தென்கடல் தீவுகளிலயிருந்து ஆதியில வந்த சடங்காம். ஒரு பிள்ளை புல்லுப் பாவாடை கட்டிக்கொண்டு வருது, கழுத்தில பிளாஸ்ரிக் பூமாலை. முன்னால கண்ணாடிச் சட்டியில தண்ணி, அதுக்குள்ள சிவப்பு பல்பு மினுங்குது. அதுதான் உப்புத்தண்ணி விளக்காம். பேந்து மத்தளம். டம் டம் எண்டு மத்தளம். அதுக்கடியில, மகன், அதுக்கடியில உன்ர அம்மா. "நெத்தலிக் குஞ்சே" எண்டுறா, அந்தப் பிள்ளை கண்ணைச் செருகிக்கொண்டு உருவாடுது. சனம் பிதுங்கின முழிக் கோப்பையளில உறிஞ்சிக்கொண்டு பாக்குது. எனக்கு அழுகை வரேல்ல. உண்மையைச் சொல்லுறன், எனக்குத் தெரிஞ்சது அந்தச் சட்டிக்குப் போற வயர். எர்த் குடுக்கேல்ல. ஈரக் காலோட ஆடுது அந்தப் பிள்ளை, வயர் தோல் உரிஞ்சு கிடக்கு. அதையே பாத்துக்கொண்டிருந்தன். பாட்டு முடிஞ்சுது, மத்தளம் நிண்டுது. அப்ப துப்புரவா, பக்கத்தில நிண்டு சொல்லுற மாதிரி: "காணுமே? உதைக்கிறான். நிப்பாட்டுங்கோ."

அதுக்கு அந்தப் பிள்ளை ரெண்டு கையையும் மேல தூக்கிச்சுது. தெய்வத்தின்ர வாக்கெண்டு பழக்கியிருக்கினம். சனம் எழும்பி நிண்டு கைதட்டிச்சுது.

நான் எழும்பிப் போய்ச் சுவரில இருந்த பிளக்கைப் பிடுங்கினன். விளக்கும் நிண்டுது, மெசினும் நிண்டுது. பொன்ராசா ஓடி வாறான். "டேய், நீயே! என்னடா செய்யிறாய்? எங்க அவ?" "செத்திட்டாடா." நான் பிளக்கைத் தூக்கிக் காட்டினன். "நிப்பாட்டச் சொன்னவா. நீ நிப்பாட்டேல்ல. நான் நிப்பாட்டினன்" எண்டன். ஆடின பிள்ளை இங்கிலீசில மெல்லக் கேட்டுது, "அப்ப இது என்ன பாட்டு?" "பிள்ளையை நித்திரையாக்கிற பாட்டு." அந்தப் பிள்ளைக்கு முகம் செத்துப்போச்சு. பூமாலையைக் கழட்டிக் கையில சுருட்டி வைச்சுக்கொண்டு நிண்டுது. ஆட வைச்சவங்களில எனக்கிருந்த கோவத்தில அந்தப் பிள்ளைக்குப் பங்கில்லை.

மனேச்சர் வந்தார், நல்ல கோட்டு. "கலை எல்லாருக்கும் பொது, மிஸ்டர். உங்கட ஊரை உலகத்துக்குக் காட்டுறம். நீங்கள் சந்தோசப்படவேணும்" எண்டார். "எந்த ஊரை?" எண்டு கேட்டன். "வற்றாப்பளையை நீங்கள் கண்டிருக்கிறியளோ? இந்தச் சுவரில நிக்கிறவை எந்தத் தீவு, என்ன பேர், தெரியுமோ? அவையளைத் தெரியாது, எங்களைத் தெரியாது, ரெண்டு பேரையும் பிடிச்சு ஒரு சட்டியில போட்டுக் கலக்கிப்போட்டுக் காட்டுறம் எண்டுறியள். காட்டுறதுக்கு என்ன மிச்சம் வைச்சிருக்கிறியள்?" அவர் தோளைக் குலுக்கினார். "சனத்துக்குப் பிடிச்சிருக்கு" எண்டார். சனத்துக்குப் பிடிச்சிருக்கு! எனக்கும்தான் பிடிச்சிருந்தது, அன்னாசிச் சாறோட, அண்டைக்கு. அந்தச் சிரிப்பு இந்தச் சுவரிலதான் எங்கயோ ஒட்டிக்கொண்டிருந்து எனக்கே திரும்பி வந்திருக்கு. ஹெமியின்ர ஆக்களுக்குச் செய்யேக்க நான் சிரிச்சன். அப்ப எங்களுக்குச் செய்யேக்க அழ எனக்கென்ன உரிமை எண்டு ஒரு யோசினை வந்தது. ஆனா அது பிழையான யோசினை, மகன். முதல் சிரிச்சவன் பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்கவேணும் எண்டா உலகத்தில ஒரு அநியாயமும் நிக்காது. ரெண்டுக்கும் சேத்துத்தான் கோவப்படவேணும்.

டேப்பைக் கேட்டன். பொன்ராசா தலையைக் குனிஞ்சான். நீ பிடிச்ச முதல் டேப் எங்கை எண்டன். பாட்டையும் மத்தளத்தையும் சேத்து வேற டேப்பில ஏத்திப்போட்டு, முதல் டேப்பை அழிச்சு அதில டான்ஸ் மியூசிக் பிடிச்சிட்டாங்களாம். "தெரிஞ்சிருந்தாச் செய்வனேடா?" எண்டு அழுதான். மகன், நான் படிச்ச படிப்பில ஒண்டு நிச்சயமாத் தெரியும். ஒண்டாக் கலந்த சத்தத்தைப் பிரிக்கேலாது. அந்த மத்தளத்தை இனி ஒருத்தராலும் அவான்ர பாட்டிலயிருந்து கழட்டேலாது. மனேச்சர் என்னவோ சொல்லச் சொல்ல பொன்ராசாவே மெசினைத் திறந்து அந்த டேப் சுத்தின சக்கரத்தை எடுத்து என்ர கையில தந்தான். அவனை நான் மன்னிச்சிட்டனோ எண்டு கேக்காதை. எனக்கு இன்னும் தெரியாது.

ஹெமி பழக்கின பயிற்சி நிலையத்து டேப் மெசினை இரவல் வாங்கி வந்து நேற்று உனக்குப் போட்டன். மத்தளச் சத்தத்துக்கு நீ வீரிட்டு அழுதாய். பெரியம்மா, "நிப்பாட்டும் தம்பி, பிள்ளை பயப்பிடுறான்" எண்டு ஏசினா. நான் ஓட விட்டன். பாட்டு முடிஞ்சு, மத்தளம் நிண்டு, அவா கதைச்சா. நீ அழுகையை நிப்பாட்டினாய். குரலைக் கேட்டு நிப்பாட்டினியோ, மூச்செடுக்க நிண்டனியோ, எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியுமெண்டு எழுதமாட்டன். பெரியம்மாதான் சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள்ள போனா. உனக்கு வளந்தாப் பிறகு முழுப் பாட்டும் வேணுமெண்டா மத்தளத்தோடதான் கேக்கவேணும். அதைக் கேட்டுக் கோவப்படு. ஆனா அந்தக் கடைசி மூண்டு சொல்லுத் துப்புரவாக் கிடக்கு. அது ஒருத்தரும் தொடாதது. அதில "உதைக்கிறான்" எண்டுறது நீ.

நீ எங்க போனாலும் ஆரின்ரையாவது சாமான் வடிவா இருக்கெண்டு கை நீட்ட முதல் கேள், இது ஆரின்ர, இதோட என்ன செய்யக்கூடாது எண்டு. கேக்க வெக்கப்படாதை. அந்தக் கோப்பை இப்பவும் புத்தகத் தட்டில இருக்கு. ஒருத்தரின்ர ஆளுமில்லை எண்டு ஹெமி சொன்னவர்தான், எண்டாலும் உன்ர அம்மா வைச்ச இடத்திலயிருந்து நான் எடுக்கமாட்டன். நீயும் எடுக்காதை. டேப்பை அதுக்குப் பக்கத்தில வைச்சிருக்கிறன்.

இதை எழுதிக்கொண்டிருக்கேக்க கந்தோரில டெலிபோன் அடிச்சது. மனேச்சர். சனம் திரும்பத் திரும்பக் கேக்குதாம், டேப் இல்லாட்டிப் பறவாயில்லையாம், ஊரில அதே மாதிரிப் பாடுற வேற பொம்பிளை ஆரையாவது பிடிச்சு அனுப்பேலாதோ எண்டு கேட்டார். ரிசீவரை வைச்சன். திருப்பியும் அடிச்சது. திருப்பியும் அடிச்சது. இப்ப கோடை, குளத்தில தண்ணியில்லை, மதகு திறக்கச் சொல்லி ஒருத்தரும் எடுக்கப்போறதில்லை. ஆணி கழட்டுற திருப்புளியை எடுத்துக்கொண்டு போய் ரெண்டு வயரையும் கழட்டிப்போட்டு வந்திருக்கிறன். காணும். டெலிபோனை நிப்பாட்டிட்டன்.

அப்பா